பக்கத்து மாடிக் கிளிகள்

திண்டிவனத்தில் எங்கள் அடுத்த வீட்டு விஜயா தினமும் மொட்டை மாடியில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வைப்பாள். கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். நான் வைத்த சோற்றுக்குக் காக்கைகள் மட்டுமே வந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் காலை, என் கணவர் விதைப்புக்கு எடுத்து வைத்திருந்த கடலையை அள்ளிவந்து எங்கள் மாடிச் சுவரில் பரப்பினேன். சிவப்பாக இருந்தது, செம்மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். கிளிகள் என் பக்கம் திரும்பின. பெருமையாக நின்றேன்.

“ஐயோ அக்கா, அது மருந்து கலந்த விதை மல்லாட்டை! ஜல்தியா அள்ளுங்க!”

விஜயா தன் மாடியிலிருந்து கத்திக்கொண்டே கைதட்டியதில், கொத்துவதற்குள் கிளிகள் பறந்துவிட்டன.

இப்போது நான் தீனியே வைப்பதில்லை. மண்சட்டியில் தண்ணீர் மட்டும்தான். அவள் வீட்டில் தின்றுவிட்டு, தாகத்துக்கு என் மாடிக்குத்தான் வருகின்றன. விஜயா எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.