பக்கத்து வீட்டு மாமியைச் சேர்க்காத கணக்கு

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் ஒரு கட்டுக் காகிதம். கொரோனா வந்த வருஷங்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று ஊர் ஊராகப் பார்க்கிறார்களாம். மலையாள நாட்டில், இந்த வலியசாலையில் எங்கள் தெருவில் சீட்டுக் குலுக்கின மாதிரி சில வீடுகளை எடுத்திருக்கிறார்கள். அதில் எங்கள் வீடு ஒன்று.

உட்காரவைத்து மோர் கொடுத்தேன். பதில் நான்தான் சொல்வேன் என்று மருமகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் யார் என்றைக்குப் போனார்கள் என்று என்னைப் போலச் சொல்ல ஆள் கிடையாது.

"அம்மே, ஈ வீட்ல ஆரெங்கிலும் மரிச்சோ, அந்த வருஷங்கள்ல?" என்றாள், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக.

"எங்காத்துல யாரும் போகலை. பக்கத்தாத்து மாமி போயிட்டா. எழுதிக்கோ."

"அது வேற வீடு அல்லே?"

"அங்கே யார் இருக்கா சொல்றதுக்கு? பூட்டைப் போய்க் கேப்பியா?"

மருமகள் உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பூட்டின வீடாக இருந்தால் 'ஆள் இல்லை' என்று குறித்துவிட்டுப் போவதுதான் முறை என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவர்களை எண்ண வருகிறவர்கள் இருக்கிறவர்களிடம்தான் கேட்கிறார்கள். ஒருத்தி மட்டும் இருந்த வீட்டில் அந்த ஒருத்தியும் போய்விட்டால் யார் சொல்வது?

மாமிக்குப் பிள்ளை இல்லை. மாமா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அங்கே போனா பொட்டலமாக் கட்டித் தந்துடுவாடி" என்றாள். பரிசோதனைக்கும் சம்மதிக்கவில்லை. நான் கொல்லைச் சுவர்மேல் தூக்கில் ரசஞ்சாதம் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். "உப்புப் போட மறந்துட்டியா?" என்பாள். போட்டுத்தான் இருந்தேன். எட்டாம் நாள் தூக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. உடம்பு முழுக்க உறை மாட்டிய நாலு பேர் வந்து மாமியை எடுத்துப் போனார்கள். எங்கே என்ன எழுதினார்கள், எழுதினார்களா என்றே எனக்குத் தெரியாது. போய்க் கேட்க நான் உறவில்லை.

"சரி, ஒரு வீட்டு மனுஷான்னு யாரை எழுதுவே?" என்று கேட்டேன்.

"ஒரே அடுக்களேல சாப்பிட்டு, ஒரே கூரேல இருக்கறவங்க."

விடுவேனா? "அப்போ எழுது. எட்டு நாளும் என் அடுப்புதான். கூரையா? வாசலுக்கு வா."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஓடு விட்டுப்போகாமல் அந்தக் கோடி வரை ஓடும். "எங்காத்து ஓடு எங்கே முடியறது? காட்டு, பாப்போம்" என்றேன்.

அவள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் மேலதிகாரிக்குப் போன் பண்ணினாள். "செரி சார், செரி சார்" என்பது மட்டும் கேட்டது.

"கதவு நம்பர் வேறயாணு அம்மே. பின்னே எட்டு நாள் போராது. ஆறு மாசம் சேர்ந்து இருந்திருக்கணும்."

"ஆறு மாசம்னே போட்டுக்கோயேன்."

இந்த வயசு வரைக்கும் பொய் சொல்லி யாரிடமும் எதையும் கேட்டதில்லை நான். சொன்ன பிறகு எனக்கே முகம் சுட்டது.

"அம்மா, அந்தப் பொண்ணோட வேலைக்கு உலை வெச்சுடாதேங்கோ" என்றாள் மருமகள்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செக் பண்ண வேற ஆள் வரும் அம்மே. எனிக்கு மனசிலாயி."

அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது?

காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். மலையாளம் பேசுவேனே தவிர வாசிக்கத் தெரியாது. தமிழே மூன்றாம் வகுப்போடு நின்றது. அந்தப் பக்கம் முழுவதும் எனக்குக் கிறுக்கல்தான். ஆனால் எண் தெரியுமே. ஒரு கட்டத்துக்குள் பூஜ்யம் போட்டிருந்தது.

அதன் கீழே, எழுத்து எழுத்தாக, என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டின வீட்டைத் தாண்டிப் போய், அதற்கடுத்த வாசலில் மணி அடித்தாள்.