மதினிக்குக் கிடைத்த மூன்று நாள்

"ஜெஸீமா, இனி இந்த வெள்ளையக் கழட்டிப்போட்டு வேறொண்ட உடுங்க" என்றார் என் பெரியும்மா.

என் கணவர் ஸப்வான் மவுத்தாகி நான்காம் நாள் காலை அது. கிண்ணியாவில் எங்கள் வீட்டு முன்னறையில், பாயில், நான் விதவைக்குரிய இத்தா இருந்தேன். ஜெஸீமா ஸப்வானுக்கு மூத்தவர், அவரது ராத்தா, எனக்கு மதினி.

"ஏன், இதுக்கென்ன?" மதினி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"பொஞ்சாதிக்குத்தான் நாலு மாசமும் பத்து நாளும். மத்தாக்களுக்கு மூணு நாள். மனசுல கவலை இருக்கட்டும், அத ஆரு வேணாமெண்டது?"

"உம்மா மவுத்தாகக்குள்ள அவனுக்கு நாலு வயசு. நான்தான் வளத்தனான். இந்தப் புள்ள அவனக் கலியாணம் முடிச்சி ரெண்டு வருசம்."

"இதெல்லாம் கணக்குப் பாக்கிற விசயமா, ஜெஸீமா?"

"நானா எண்ணினன்? நீங்கதானே நாள் எண்ணுறீங்க."

மதினி எழும்பி உள்ளே போனார். திரும்பி வந்தபோது உடம்பில் நீலச் சட்டை, கையில் தேத்தண்ணித் தட்டு.

எனக்கான மூன்று வெள்ளை உடுப்புகளையும் தைத்தவர் அவர்தான். மிஞ்சிய துணியில்தான் தனக்கும் ஒன்றை வெட்டியிருந்தார். அபாயா தைப்பது அவரது தொழில். பதினைந்து வயதில், தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டவர், தையலைப் பக்கத்து வீட்டில் பழகினார். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து மூதூரிலிருந்து எல்லோரும் ஓடியபோது, தையல் மெஷினை விட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தம்பிக்கு அப்போது பதினாலு வயது. "எல்லாரும் பாக்கிறாங்க, விடு ராத்தா" என்றானாம். இவர் விடவில்லை.

இந்தக் கதையை ஸப்வான் எனக்குச் சொன்னதில்லை. மதினி குசினியில் யாருக்கோ சொல்லும்போது பாயிலிருந்து கேட்டேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் பொறுமையாக ஸபூர் செய்யச் சொல்லிவிட்டு, குசினிக்குப் போய் நெடுநேரம் நிற்பார்கள். அங்கே மதினியின் கதைகளில் ஸப்வான் சின்னப்பிள்ளையாகத் திரிவார், ஊசிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழ் ஒளிவார். நடுவில் சிரிப்பும் கேட்கும். எனக்குப் பற்றி எரியும். எனக்குக் கிடைத்தது இரண்டு வருடம். மிச்சம் முழுவதையும் மதினி வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கோ என் பாய்மேல் கண். வருகிறவர்கள் என் கையைப் பிடித்து அழுவார்கள். அவரிடம், "சீனி கொஞ்சமாப் போடுங்க" என்பார்கள். தட்டோடு வாசலில் நின்று அவர் பார்க்கும் பார்வையை நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது.

முஹர்ரம் பிறந்தது. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மஃரிப் தொழுகைக்குப் பின் மார்க்கப் பேச்சு, பயான் நடந்தது. இது சண்டை விலக்கப்பட்ட புனித மாதம், இந்த மாதத்தில்தான் ஹுசைன் நாயகம் கர்பலாவில் கொல்லப்பட்டு ஷஹீதானார்கள், மூஸா நபி காப்பாற்றப்பட்ட பத்தாம் நாளில் நோன்பு பிடியுங்கள், மாரடித்து அழுவது நமது வழியல்ல என்றார் மௌலவி. மதினி கதவருகே வந்து நின்றார்.

"புள்ள, ஹுசைன் நாயகத்துக்குக் கூடப்பிறந்த பொம்புள ஆரும் இருந்தாவா?"

போனில் தேடி இங்கிலீஷில் வாசித்ததைத் தமிழில் சொன்னேன். தங்கச்சி ஸைனப், கர்பலாவில் கூடவே இருந்தவர். கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அங்கேயே பறிகொடுத்தவர். சிறைபிடித்துக்கொண்டுபோன அரண்மனையில் ராசாவின் முகத்துக்கு நேரே நடந்ததைச் சொன்னவர். அவர் சொன்னதால்தான் பலருக்கும் தெரியவந்தது என்று எழுதியிருந்தார்கள்.

மதினி யோசித்தார். "அவவ ஒருத்தரும் குசினிக்குப் போகச் சொல்லல்லயா?"

முஹர்ரம் ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் நோன்பு பிடித்த மதினி, மெஷினில் உட்காரவில்லை. பத்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின், நோன்பு திறக்கத் தெருப்பெண்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. குசினியில் கஞ்சிப் பானை கொதித்தது. தண்ணீர் எடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மதினி அந்த வெள்ளைச் சட்டையை உடுத்தியிருந்தார். என்னுடையதைப்போலக் கழுவிக் கழுவிக் கசங்கிப்போன சட்டை அல்ல அது. மூன்று நாள் மட்டுமே உடுத்தது. மடிப்புக் குலையாமல் இருந்தது.

வெளியே பெண்களின் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியும்மாவின் குரலும் கேட்டது. மதினி அகப்பையை என் கையில் வைத்தார்.

"இண்டைக்குக் கஞ்சிய நீங்க ஊத்துங்க, புள்ள. நான் உங்கட பாயில கொஞ்சம் இருக்கிறன். ஆரும் கேட்டா, மவுத்தானவர்ர ராத்தா எண்டு சொல்லுங்க."