அலாரம் அக்காவும் நாலு மணி ஜன்னலும்

என் மனைவிக்கு ஒரு தங்கச்சி. பல்கலைக்கழகத்தில் மாணவர் உதவிப் பிரிவு என்று ஒரு அறை. அதில் ஒரு மேஜை, ஒரு போன், இவள். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜுக்கு வந்த பிள்ளைகள் பாதியில் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இவள் வேலை. பரீட்சை நாளில் காலை ஆறு மணிக்கே போன் போட்டு "எழுந்தாச்சா?" என்று கேட்பதால் பிள்ளைகள் வைத்த பேர் அலாரம் அக்கா. அந்த அலாரத்தை அணைக்க வழியே கிடையாது. பதினேழு வருஷமாக எனக்கு மச்சினி, எனக்குத் தெரியாதா?

அவளும் அப்படி வந்தவள்தான். அப்பா மூட்டை தூக்கினவர். லைப்ரரிக்குள் போக யாராவது கூப்பிட வேண்டும் என்று நினைத்து, முதல் வருஷம் முழுக்க வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாளாம். அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். ஒரு போர்டு வைத்தால் என்ன கெட்டுப்போயிற்று?

நான் ஆறாம் வகுப்பு. டெலிவரி வேன் ஓட்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை மதியம் சோற்றில் கை வைத்த நேரம் போன் வந்தது.

"மாமா, வண்டியை எடுங்க."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"கையைக் கழுவிட்டு எடுங்க."

விஷயம் இது. இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பெண், ஒரு பேப்பரில் ஃபெயில். மறுபடி எழுத விண்ணப்பத்தில் அவளே வந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு நாலு மணிக்குத் தேர்வு ஆபீஸ் ஜன்னலை மூடிவிடுவார்கள். விட்டால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் பிறகு அனுப்ப மாட்டார்கள். நாலு நாளாக அவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள்.

"எடுக்கலேன்னா விட்டுத் தொலையேம்மா. சின்னப் புள்ளையா அவ?"

"சின்னப் புள்ளையா இருந்தா அழுதிருக்கும் மாமா. இதுங்க ஒளிஞ்சுக்கும்."

அந்தப் பெண்ணின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. எனக்கு மூட்டு வலி. கதவைத் திறந்த அப்பா பெயிண்ட் ஆலைச் சட்டையோடு ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்றார். மச்சினி தான் யார் என்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டோமே மேடம்!"

"எதை?"

மனுஷன் உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தார். மகளின் அடையாள அட்டை, துவைத்து இஸ்திரி போட்ட லேப் கோட், லைப்ரரி புத்தகம் இரண்டு. எல்லாவற்றையும் பையில் போட்டு, பல்கலைக்கழகக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்து, எழுதி வாங்கி வந்திருக்கிறார்!

"யாரு சார் கேட்டா?"

"தப்புன்னு லெட்டர் வந்தா, அவங்க கேக்குறதுக்கு முன்னாடி கார்டைக் கொடுத்துடணும் மேடம். எங்க ஆலையில அப்படித்தான். அதுதான் மரியாதை."

எனக்குத் தலை கிறுகிறுத்தது. "யோவ், ஒரே ஒரு பேப்பருய்யா! அதுக்கா மூட்டை கட்டி அனுப்புவாங்க?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? எங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரு ஃபெயில் ஆனாங்க? யாரும் அந்தப் பக்கமே போனதில்லையே."

மச்சினி அவரைத் தாண்டி, உள்ளே சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் கத்தினாள்: "நான் மூணு பேப்பர் ஃபெயில் ஆனவ! கேக்குதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பதினேழு வருஷம்! என் மாமியார் வருகிற விருந்தாளியிடமெல்லாம் "சின்னவ ஒரே மூச்சுல பாஸ் பண்ணினா" என்று சொல்லிவிட்டு, அப்படியே என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தலை குனிந்தே கழுத்து வலி வந்தவன் நான்.

"மூணா?" என்றேன்.

"மாமா, அப்புறம்."

கதவு கொஞ்சம் திறந்தது. அழுது வீங்கின முகம். "மூணாக்கா?"

"மூணு. அதுல ஒரு பேப்பர் ரெண்டு தடவை. செருப்பைப் போடு."

போட்டாள்.

அடையாள அட்டை இல்லாமல் ஜன்னலில் கையெழுத்து வாங்க மாட்டார்கள்; சீட்டு அப்பா பேரில் இருந்ததால் அவரும் ஷிஃப்டை விட்டுவிட்டு வேனில் ஏற வேண்டியதாயிற்று. கேட்டில் வாட்ச்மேன் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டோடு சரிபார்த்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மறுபடி சரிபார்த்தார். "அண்ணே, கோட்டு எங்கேயும் ஓடாது, கார்டை முதல்ல குடுங்க" என்று நான் கெஞ்சினேன். மூன்றே முக்கால்.

ஜன்னலுக்கு உள்ளே ஒரு பையன், கிளம்பத் தயாராக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அட்டையைப் பார்த்தான், படிவத்தைத் தள்ளினான். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. மூன்று ஐம்பத்திரண்டு. எனக்கு அப்போதுதான் பசி ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்த லெட்டரை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்று பக்கம். பிரித்து நீட்டினார்.

"மேடம், மறுபடி எழுதலாம்னு இதுல எங்க போட்டிருக்கு?"

மச்சினி மூன்றாம் பக்கத்தில், அடியில், எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினாள். அவர் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்:

"இதை யாரு படிக்கிறதுக்கு எழுதினாங்க மேடம்?"

மச்சினி குனிந்து அந்த வரியைத் தானும் ஒரு முறை படித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. லெட்டரைப் பிடுங்கி ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"தம்பி, இந்தக் கடைசி வரியைப் படிச்சு, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பார்ப்போம்."

பையன் வாங்கிப் படித்தான். தலையைச் சொறிந்தான். "அதாவது சார்... தகுதியுடைய..." என்று ஆரம்பித்து, முதலிலிருந்து மறுபடி படித்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். லெட்டரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னலை இழுத்து மூடினான்.