மாணிக்கம் சார் சொல்லாமல் விட்ட வரி

மாணிக்கம் சார் இறந்துவிட்டார். இன்று காலை, தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில். ஹார்ட் அட்டாக்...

மதியத்திலிருந்தே சிலர் மெசேஜ் போட்டுக் கேட்டீர்கள். பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மகன் பிரபுவுக்குத் தெரிவதற்கு முன்னால் ஃபேஸ்புக்குக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

எங்கள் ஃபேக்டரி ஆட்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. வெல்ஃபேர் செக்ஷன். வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சொல்லி ஆட்களைக் கூட்டிவருவது அவர் வேலை.

"சீரியஸா இருக்காரு, கிளம்பி வாங்க." ஆள் இறந்தே போயிருந்தாலும் இவ்வளவுதான் சொல்வார். நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்?

எங்கள் டிராமா குரூப் ஒரு வருஷம் கிரேக்க நாடகம் போட்டது. அரசன், ராணி, சாபம் என்று பழங்காலத்துத் துன்பியல். டைரக்டர் டிசைன் ஆபீஸ்காரர், நாடகப் பைத்தியம். யாரும் மேடையில் சாகக்கூடாது, அது அந்த ஊர் வழக்கம் என்றார். சாவெல்லாம் அரண்மனைக் கதவுக்குப் பின்னால். அப்புறம் ஒரு தூதன் வந்து, தன் கண்ணால் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்வான்.

"நல்லதாப் போச்சு, ரத்தத்துக்கு கலர் கலக்க வேண்டாம்" என்றார் மாணிக்கம் சார். தூதன் வேஷம் அவருக்குத்தான் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அந்த நாட்டில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்களாம். அது அங்கே என்று சொல்லிவிட்டு ராணி வேஷத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் முகமூடி. பழைய பேப்பரும் மைதாப் பசையும். திருச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் மூக்கெல்லாம் பசை வாசனை. கோரஸ் என்று ஒரு கூட்டம் ஓரமாக நின்று ஒரே குரலில் அழ வேண்டும். அதில் பாதிப் பேர் ரிகர்சலுக்கே வரமாட்டார்கள், செகண்ட் ஷிப்ட்.

நாடகத்தன்று தூதனாக மாணிக்கம் சார் ஓடி வந்து என் முன்னால் மண்டியிட்டார். சொல்ல வேண்டிய வரி இது: "மகாராணி, உங்கள் மகன் இறந்துவிட்டான். நான் என் கண்ணால் பார்த்தேன்."

அண்ணாந்து பார்த்தார். முகமூடியில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. வாய் திறந்தார்...

"அம்மா... தம்பி கொஞ்சம் சீரியஸா இருக்காருங்க. கிளம்பி வாங்க."

முன்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. அதே வார்த்தையை அதே வாயிலிருந்து வீட்டு வாசலில் கேட்ட பெண்கள் அந்த ஹாலில் இருந்தார்கள்.

கோரஸ் எப்போது அழுவது என்று புரியாமல் முழித்தது. அழுகைச் சத்தம் ஹாலின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

நான் என் புலம்பலை ஆரம்பித்துவிட்டேன். சீரியஸ் என்றால் என்ன என்று ராணிக்கும் தெரியும்தானே.

நாடகம் முடிந்ததும் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைரக்டர் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தார். "வாய் வரலம்மா" என்றார். அப்புறம் முசிறியிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். புருஷன் இறந்தது தெரியாமல், தாலியைக் காணிக்கையாகப் போடுகிறேன் என்று வழியெல்லாம் சமயபுரத்தாளை வேண்டிக்கொண்டே வந்தாளாம். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"'தெரிஞ்சேதான என்னை வேண்டிக்க விட்டீங்க'ன்னு கேட்டுச்சும்மா அந்தப் பொண்ணு. எனக்குன்னு வந்தா எம்புள்ளகிட்ட நேராச் சொல்லிடணும்."

அதற்கப்புறமும் ரிட்டயர் ஆகும்வரை சீரியஸ் என்றுதான் சொன்னார். வேறு சொல்ல அவருக்கு வரவே இல்லை.

திருவானைக்காவலில் எனக்குப் பக்கத்துத் தெரு. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றதும் நானும் அக்காவும்தான் (சாரின் மனைவி) ஆட்டோவில் கூட்டிப்போனோம். பிரபு சென்னையிலிருந்து ரயில் ஏறிவிட்டான், தனியாக. அவன் பாதி வழியில் வரும்போது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

வந்து சேரும்வரை யாரும் சொல்லக்கூடாது என்று சாரின் தம்பி எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அவர் பயமும் நியாயம்தான். ஓடுகிற ரயில்...

அரியலூர் தாண்டி பிரபு கூப்பிட்டான். அக்காவின் போன் என் கையில் இருந்தது, நான்தான் எடுத்தேன்.

"அத்தை, அப்பா எப்படி இருக்காங்க? சமயபுரத்துல மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

சாரின் தம்பி வேண்டாம் என்று கையாட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"பிரபு... உக்காந்திருக்கியாப்பா? அப்பா போயிட்டாங்கப்பா."

அப்புறம் கேட்டான்.

"நீங்க பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேன்பா. பக்கத்துலதான் இருந்தேன்."

"சொல்லுங்க."

சொன்னேன். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டது, அக்காவிடம் கேஸை அணைத்தாயா என்று கேட்டது, கடைசியாகத் தண்ணீர் கேட்டது... லால்குடி வரும்வரை சொன்னேன். அவன் உம் கொட்டிக்கொண்டே வந்தான்.

சாரின் தம்பி என்னோடு பேசவில்லை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கிய பிரபு என் பக்கம் திரும்பாமல் ஆட்டோவில் ஏறிவிட்டான். கோபமா என்னவென்று தெரியவில்லை. நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை.

நாளைக் காலை எடுக்கிறோம். குரூப் ஆட்களுக்கு யாராவது சொல்லிவிடுங்கள். நேராகவே சொல்லுங்கள்.

போயிட்டு வாங்க சார்... உங்க வரியை நான் சொல்லிட்டேன்.