மழையில் போகாத மஞ்சள்

என் மகள் வசந்தியின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றி முடித்த கையோடுதான் அந்தச் செய்தி எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தது. நாலு வீடு தள்ளியிருந்த முனியாண்டி ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இறந்துவிட்டான். காமாலை. கல்யாணம் ஆகாத பையன். நிறைந்த ரப்பர் பால் வாளி இரண்டையும் ஒரே கையில் தூக்குவான், அப்படிப்பட்ட உடம்பு. அவன் அம்மா மண்ணில் விழுந்து புரண்டாள். எங்கள் வாசலில் அப்போதுதான் கட்டிய மாவிலை ஆடிக்கொண்டிருந்தது.

தாய் மாரியாத்தாளை நம்பியிருக்கும் என் சொந்தங்களே, நான் பாக்கியம். இன்று ஈப்போ சிலிபினில் இருக்கிறேன். அன்று, எழுபதுகளின் கடைசியில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி ஓட்டினார். எங்களுக்கு வசந்தி ஒரே பிள்ளை, மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்டு பெற்றவள். அவளுக்கு என்ன ஆனது, தாய் என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் நம் கோயில் திருவிழா மலரில் இதை எழுதுகிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

காமாலை அதற்கு முன்பே தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் சோறு வேண்டாம் என்று படுத்தார்கள். பிறகு பெரியவர்கள். விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கங்காணி மண்டோர் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் கூடிக்கொண்டே போயின. ஒருவர் வீட்டில் ஒருவர் தேத்தண்ணி குடிப்பது நின்றது. எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் விழியைப் பார்க்கப் பழகிக்கொண்டோம். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரெசர் ஐயா வீடு வீடாக வந்து எல்லோருடைய இமையையும் இழுத்துப் பார்த்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கூட்டம் கூட்டாதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னார்.

கூட்டம் கூட்டக்கூடாது என்றால் கல்யாணத்தை என்ன செய்வது? அது ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம். வைகாசியில் வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் தாத்தா தவறிவிட்டதால் ஆவணிக்கு மாற்றினோம். மாப்பிள்ளை சேகர் சிலிபின்காரர். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தங்கமான பிள்ளை. இன்னொரு முறை தேதி மாற்றினால் ஊர் வாயை மூட முடியுமா? என் வீட்டுக்காரரின் அக்கா அஞ்சலை அண்ணி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாண வேலை முழுவதையும் அவர்தான் தலையில் போட்டுக்கொண்டு செய்தார். அதற்கேற்ற வாயும் அவருக்கு உண்டு.

"பந்தக்கால் ஊனியாச்சு பாக்கியம். ஊனுனத புடுங்கினா குடும்பம் வெளங்குமா? ரெண்டு தடவ நின்னு போன பொண்ணுன்னு பேரு வந்துச்சுன்னா அப்புறம் எவன் லா கட்டுவான்?"

ஈப்போவுக்கும் சிலிபினுக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அழைப்பு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் தாலி, பிறகு பந்தலில் விருந்து. வெயிலில் வருகிறவர்களுக்கு லயத்துக் குழாய்த் தண்ணீரில் சீராப் சர்பத் கலந்து, ஐஸ் போட்டு, பீப்பாயில் வைப்பதாக அண்ணி ஏற்பாடு செய்திருந்தார்.

அந்த வாரம் நலங்கு தொடங்கியது. சாயங்காலமானால் லயத்துப் பெண்கள் வந்து வசந்திக்கு முகம், கை, கால் எல்லாம் மஞ்சள் பூசுவார்கள். வழக்கமாக உறவுக்காரர்கள் ஆளுக்கொரு நாள் பெண்ணை அழைத்து விருந்து வைப்பார்கள். நோய்க்குப் பயந்து யாரும் அழைக்கவில்லை. பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. வந்தார்கள், பூசினார்கள், கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். சாவு வீட்டுக்கு வந்து போவது மாதிரி இருந்தது.

வசந்தி சாப்பிடவில்லை. தாளிக்கிற வாசம் வந்தால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மற்ற நேரம் சுருண்டு படுத்திருந்தாள். தாய் வீட்டைப் பிரிகிற துக்கம் என்றார்கள். கல்யாணக் களை என்றார்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பி, "மஞ்ச நல்லா புடிச்சிருக்கு, அம்மன் செல மாதிரி இருக்கா" என்று மெச்சினார்கள். நானும் பூரித்துப்போனேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அஞ்சலை அண்ணி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாந்தி எடுக்குறாளே, என்னா சங்கதி? நல்லா கேட்டுப் பாரு."

அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மகளிடம் போய், "ஏதும் தப்பு நடந்துபோச்சா வசந்தி?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. "நீயுமா மா?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டிரெசர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி நிலைப்படியை விட்டு நகரவில்லை.

"கல்யாணப் பொண்ணுங்க ஐயா. நலங்கு வெச்சாச்சு. ஆம்பளைங்க தொடக்கூடாது."

"தொடல மா. கண்ண மட்டும் காட்டச் சொல்லுங்க."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க அடுத்த வீட்டப் பாருங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டு மூலையில் மஞ்சள் முகத்தோடு என் மகள். என்னை ஒருமுறை பார்த்தார், போய்விட்டார். நான் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பிய தாலியையும் கூறைப் புடவையையும் தாயின் காலடியில் வைத்து எடுக்க வசந்தியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நலங்கு வைத்த பெண் வெளியே போகக்கூடாது, கோயிலுக்கு மட்டும் போகலாம். கால் எடுத்து வைக்கவே அவளுக்குத் தெம்பில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். சன்னதியில் எங்களையும் பூசாரியையும் தவிர யாரும் இல்லை. மற்ற வெள்ளிக்கிழமைகளில் இடம் கிடைக்காது.

என் நெஞ்சுக்குள் ஏதோ சரியில்லை என்று அடித்துக்கொண்டே இருந்தது. கை கூப்பி அழுதேன். "தாயே, இந்தக் கல்யாணத்தத் தடங்கல் இல்லாம நடத்திக் குடு. ஏதாச்சும் தடங்கல் இருந்தா மறைக்காத, என் கண்ணுல காட்டிடு." வாய்விட்டே சொன்னேன். பூசாரிக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வரும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பால்மரங்களுக்கு நடுவே ஒதுங்க இடமில்லை. அவளால் ஓட முடியவில்லை. நனைந்துகொண்டே லயத்து முதல் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தோம். மஞ்சள் எல்லாம் வழிந்து அவள் ரவிக்கையெல்லாம் ஓடியிருந்தது. முந்தானையைப் பிழிந்து அவள் முகத்தைத் துடைத்தேன். முதலில் துணியில் மஞ்சள் ஒட்டியது. மறுபடி துடைத்தேன், கொஞ்சம் ஒட்டியது. மறுபடி துடைத்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

முகம் மஞ்சளாகவே இருந்தது.

டிரெசர் ஐயா செய்வது மாதிரியே அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். அங்கே யாரும் மஞ்சள் பூசியிருக்க முடியாது. நான் போட்ட சத்தத்தில் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள், என்னவென்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இன்னும் ஒரு நாளு. கெட்டியா மஞ்ச பூசி, தலையக் குனிய வெச்சிருவோம். தாலி ஏறட்டும் மொதல்ல. அப்புறமா நோவு கண்டுச்சுன்னு சொல்லிக்கலாம். அவன் பொண்டாட்டி, அவன் வைத்தியம் பாக்கட்டும்."

சொந்தங்களே, அந்த யோசனை ஒரு கணம் எனக்கும் நியாயமாகப் பட்டது. அதுதான் எனக்கு நோயைவிடப் பெரிய பயம். ஆனால் தடங்கல் இருந்தால் காட்டு என்று தாயிடம் கேட்டதே நான்தானே? காட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டால் அவளிடம் இனி எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

"நீங்க சிலிபினுக்குப் போயி சம்பந்தி வீட்டுல உள்ளதச் சொல்லிட்டு வாங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு டிரெசரு ஐயாகிட்ட போறேன்." அண்ணி கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரெசர் ஐயா ஒரு சொல் குத்திப் பேசவில்லை. உடனே தோட்டத்து வேனை வரவழைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். டாக்டர்கள் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டிருக்கிறது, இதற்கென்று மருந்து இல்லை, உடம்பு தாங்க வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை அவள் பேச்சு குழறியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தாலி கட்ட வேண்டிய முகூர்த்தம். என் மகள் கட்டிலில் கிடந்து போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறினாள். "யாரு நீங்க? எங்கம்மாவக் கூப்பிடுங்க" என்றாள்.

எனக்கு உலகம் இருண்டுவிட்டது. வார்டு வாசல் சிமெண்டுத் தரையில் விழுந்தேன். தாதிகள் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லை. "தாயே, நான் கல்யாணம் கேட்டேன். அது வேணாம். அவளுக்குக் கல்யாணமே ஆக வேணாம். ஊரு எத வேணும்னாலும் பேசட்டும். அவ உசுர மட்டும் குடு. உங்கிட்ட நேந்து பெத்த பிள்ள, நீ குடுத்தத நீயே எடுத்துக்காத."

தலை தூக்கியபோது எதிரில் மாப்பிள்ளையின் தாயார் தனம் அக்கா நின்றிருந்தார். பின்னால் சேகர். அந்த நேரத்துக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்க வேண்டியவர். வசை வாங்கத் தயாராக எழுந்தேன்.

"மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் தனம் அக்கா. "ஏன் சொல்லி அனுப்புன?"

"உங்க பிள்ளையும் பிள்ளதானே அக்கா" என்றேன்.

அவர் என்னைத் தரையில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "கல்யாணம் நின்னுபோச்சுன்னு யாரும் வாய தொறக்கக் கூடாது. தேதிதான் மாறுது" என்றார். அன்று முழுவதும் என்னோடு இருந்தார். சேகர் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியிலேயே நின்றார்.

அப்புறமும் தாய் எங்களைச் சோதித்தாள். அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு பெண் போய்விட்டாள். அவளைத் துணி போர்த்தி எடுத்துப்போன நாளில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்தது நாம்தான் என்று என் மனசு சொன்னது. வாய் மட்டும் தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒரு காலை, நான் அவள் காலடியில் தலை சாய்த்திருந்தேன். "அம்மா" என்று ஒரு குரல். நிமிர்ந்தேன். என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா, பசிக்குது. கருவாடு இருக்கா?"

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. கருவாடு எங்கே கொடுத்தார்கள், கஞ்சிதான். ஊட்டினேன். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். எனக்கு அது முன்னாடியே தெரிந்துவிட்டது.

தை மாதம், சிலிபினில், வீட்டோடு வைத்துச் சின்னதாகக் கல்யாணத்தை முடித்தோம். வசந்திக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நாங்களும் தோட்டத்தை விட்டு இங்கேயே வந்துவிட்டோம். அஞ்சலை அண்ணி இன்று கோயில் கோலத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் அது கொடு, இது கொடு என்று தாயிடம் பேரம் பேசுவேன். இப்போது விளக்கேற்றி, எனக்குத் தெரியாததைக் காட்டு என்று மட்டும் கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். காட்டுவாள். காட்டுவது கசப்பாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சுகாதாரக்காரர்கள் தோட்டத்துக்கு வந்து மண்ணைத் தோண்டினார்கள். லயத்துக் கக்கூஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் குழாய் வெடித்துக் கிடந்தது, கழிவு அதில் கலந்துதான் காமாலை பரவியிருக்கிறது. சீராப் கரைக்க வைத்திருந்தது அந்தக் குழாய்த் தண்ணீர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்து, பந்தலில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கும் புகட்டிக் குடித்திருக்க வேண்டியவர்கள் யார் தெரியுமா? இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர். உங்களை என் கையால் அழைத்திருந்தேன். தாய் எனக்கு என் மகளைத் திருப்பிக் கொடுத்தாள். உங்கள் வீட்டில் யாரைக் காப்பாற்றினாள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.