கட்டிலைத் தட்டியவர்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்ஸியிலிருந்து வந்த அந்த அட்டெண்டர் தூண் மாதிரி இருப்பார். காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. யாராவது சட்டென்று தொட்டால் பயந்து அலறுவார், கையை வீசுவார். இவர் மட்டும் தொடுவதற்கு முன்னால் கட்டிலை இரண்டு தட்டு தட்டி, "நைனா, நான்தான். தூக்கி உக்கார வெக்கப்போறேன்" என்பார். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அவர் இருந்த அந்த ஒரு மாதம்தான் அப்பா அலறாமல் இட்லி சாப்பிட்டார்.

ஒருநாள் காலை பையோடு வந்து நின்றார். வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.

"அப்பா இப்பதாங்க உங்ககிட்ட பழகியிருக்காரு" என்றேன்.

"அதுக்குத்தாம்மா மாத்துறாங்க. பழகிட்டா நீங்களே என்னை நேரா வேலைக்கு வெச்சிக்குவீங்கன்னு ஆபீஸ்ல பயம். எல்லா வூட்லயும் இப்படித்தான்."

ஏஜென்ஸிக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். "அதான் வேற ஆள் அனுப்பியிருக்கோமே மேடம், அப்புறம் என்ன?" என்றது ஒரு பெண்குரல். வயதானவரைப் பார்த்துக்கொள்வது தண்ணீர் கேன் போடுகிற மாதிரியா, காலியானதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டுப் போக?

மதியம் புது அட்டெண்டர் சமையலறை வாசலில் வந்து நின்றான். "இன்னாக்கா, பெரியவரு கட்டிலைத் தட்டிக்கினே கீறாரு?"

எட்டிப் பார்த்தேன். அப்பா இரண்டு தட்டு தட்டிவிட்டு, பதில் குரலுக்காகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.