இளநீருக்கு நின்ன ரத்தம்

போன வருஷம் இதே சபையில, இதே இடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீங்க. அந்தச் சாட்சி தப்பு. அதைத் திருத்தத்தான் இன்னைக்கு வந்து நிக்கிறேன்.

நான் அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏத்துற வேன் டிரைவர். அன்னைக்கு வடமதுரை தாண்டி வண்டிய ஓரங்கட்டிட்டு ஒதுங்குனேன். மூத்திரம் சிவப்பாப் போச்சு. வலி இல்ல, எரிச்சல் இல்ல. "இஞ்சின் மேலயே உக்காந்திருக்கோம்ல, சூடு"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இளநீர் குடிச்சேன், தொப்புள்ல விளக்கெண்ணெய் வச்சேன், ஜெபம் பண்ணேன். ரெண்டே நாள்ல நின்னுருச்சு. அதைத்தான் சுகமாயிட்டேன்னு இங்க வந்து சொன்னேன்.

மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ரத்தம் வந்துச்சு, கட்டி கட்டியா. பாத்ரூம்லயே உக்காந்துட்டேன். சாட்சி சொல்லிட்டோமே, இனி யார்கிட்டச் சொல்றதுன்னு வெக்கம் ஒரு பக்கம், சாவு பயம் ஒரு பக்கம். கர்த்தர் மேல கோவமே வந்துச்சு. "நிப்பாட்டிட்டு ஏன்ப்பா திரும்பக் குடுக்குற?"ன்னு அழுதேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரி ஸ்டெல்லா ஓடி வந்தா. "சூடாவது மண்ணாவது, கெளம்புங்க"ன்னு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா.

ஸ்கேன்ல மூத்திரப்பையில பாலிப்பு, அதாவது உள்ள ஒரு சதை வளந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க: "வயித்தைக் கிழிக்க வேணாம். மூத்திரம் வர்ற வழியாவே கேமரா விட்டு, சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். சாதாரணக் கட்டின்னா அதோட சரி. கேன்சரா இருந்து மேலாப்புல இருந்தா, வாராவாரம் பைக்குள்ள மருந்து விடணும். தசைக்குள்ள எறங்கியிருந்தா பையவே எடுக்க வேண்டி வரலாம்."

எனக்குக் கடைசி வார்த்தை மட்டுந்தான் காதுல நின்னுச்சு. சுரண்டி எடுத்தாச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் சோறு எறங்கல. "எறங்கியிருக்கக் கூடாது ஆண்டவரே", இதைத் தவிர வேற ஜெபமே வாயில வரல.

கேன்சர்தான். ஆனா தசைக்குள்ள எறங்கல. "ரத்தம் திரும்ப வந்ததால தப்பிச்சீங்க. அது வராட்டி நீங்க வந்திருப்பீங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஏங்கி ஏங்கி அழுதுட்டேன். எதுக்காகக் கர்த்தரைத் திட்டுனேனோ, அதுதான் என் ஜெபத்துக்கு அவரு குடுத்த பதிலு.

ஆறு வாரம் மருந்து விட்டாங்க. பீடியும் இதுக்கு ஒரு காரணம்னு டாக்டரம்மா சொன்னதால அதையும் விட்டுட்டேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா கேமரா வச்சுப் பாக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கிட்டேதான் போறேன். இதுவரைக்கும் சுத்தமா இருக்கு. ஸ்தோத்திரம்.

அண்ணன்மாரே, தங்கச்சிமாரே, ஒரே ஒரு தடவை சிவப்பாப் போனாலும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுங்க. எந்திரிச்சு நேரா டாக்டர்கிட்டப் போங்க. இளநீரைத் திரும்பி வரும்போது குடிச்சுக்கலாம்.